உறுமலுக்கு விழுந்த அடி

மாமனார் காலைத் தேநீரை முடிப்பதற்குள் நாய்க்குச் சாப்பாடு வைத்துவிட வேண்டும். ஒர்மோன் தன் கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டால், அதற்கப்புறம் நாய் எதையும் தொடாது. அதனால் சினாரா தினமும் ஓட்டமும் நடையுமாகத்தான் போவாள். முந்தின நாள் மிஞ்சிய ரொட்டியை ஆட்டெலும்பு வெந்த தண்ணீரில் பிய்த்துப் போட்டு, இரும்புச் சட்டியில் எடுத்துக்கொண்டு கொட்டகைச் சுவர் பக்கம் வருவாள். வீட்டில் மற்றவர்கள் சட்டியை மண்வெட்டியால் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடுவார்கள். அவள் மட்டும் கையாலேயே கொண்டுபோய் வைப்பாள்.

"மொய்னோக், மெதுவா தின்னுடா. யாரும் புடுங்க மாட்டாங்க," என்றாள். நாய் அவள் முழங்காலில் தலையை ஒருமுறை உரசிவிட்டுச் சட்டிக்குள் வாயை விட்டது.

கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்த, அலபாய் என்கிற காவல் இன நாய் அது. வெள்ளை வளையம் போட்ட கழுத்தில், சங்கிலி தேய்த்த இடமெல்லாம் மயிர் கொட்டி ரணமாகி ஈ மொய்த்தது. மூக்கின் மேல் தழும்புக்கு மேல் தழும்பு. சங்கிலியின் நீளம் ஆறு அடி. அந்த ஆறடிக்குள்தான் அது தின்றது, தூங்கியது, கழித்தது. நாற்றம் வீட்டு வாசல் வரை வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை.

ஒர்மோன் வந்துவிட்டார். கையில் மண்வெட்டிக் காம்பு. தூரத்திலிருந்தே "பார்ஸ்" என்று ஓர் அதட்டல் போட்டார். நாய் சட்டியிலிருந்து வாயை எடுத்தது. உடம்பைத் தரையோடு தாழ்த்தியது. முதுகு மயிர் சிலிர்த்து, மேலுதடு லேசாகத் தூக்கி, தொண்டைக்குள் என்னவோ புரளத் தொடங்கியது. அது வெளியே வருவதற்கு முன்பே காம்பு மூக்கில் விழுந்தது. மறுபடி "பார்ஸ்". மறுபடி அடி. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நாய் மூச்சுக்கூட விடவில்லை. கண்ணை மட்டும் அவர் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

"பாத்தியா? உறுமலே வரல. படிச்சிருச்சு," என்றார் ஒர்மோன், மனைவி ஜூராவைப் பார்த்து. ஜூரா தலையை ஆட்டிவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போனாள். சினாரா கையில் எடுத்த சட்டியுடன், மருமகள்களின் வழக்கப்படி மாமனாருக்கு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனாள். அந்த வீட்டில் இதற்குப் பெயர் பயிற்சி. எட்டு மாதமாக நடக்கிறது.

ஒர்மோன் ஒருகாலத்தில் செங்கல் சூளையில் மேஸ்திரி. நூறு பேர் அவருடைய செருமலுக்கே பயந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு பயப்பட ஆள் இல்லை. மூத்த மகன் பார்ஸ்பெக் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். இளையவன் எர்மெக், சினாராவின் கணவன், விடிந்ததும் சிற்றுந்தை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவான். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு, கதவுக்குக் கதவு பல்லைக் காட்டும் நாய்த்தலைப் படம். எந்த வீட்டு நாய் எத்தனை பேரைக் கடித்தது என்பதைக் கல்யாண விருந்தில் உட்கார்ந்து பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். வெட்கம் கெட்ட பேச்சு. அந்தப் பேச்சில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஒர்மோன் நாய் வாங்கினார்.

குட்டி வந்த மறுநாளே அதன் காதுகளை ஆட்டுமயிர் கத்தரிக்கும் கத்திரியால் வெட்டினார்கள். வாலையும் வெட்டினார்கள். வெட்டிய காதுகளைத் தணலில் வாட்டி, அந்தக் குட்டிக்கே ஊட்டினார்கள். தன் காதைத் தின்ற நாய்க்கு ரோஷம் அதிகம் வரும் என்று அங்கே நம்பிக்கை. ரத்தம் வடிய வடிய, பசியில் இருந்த குட்டி, கொடுத்ததைத் தின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார். எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அவர்களுக்குக் கூசவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துத் தேநீரோடு தின்றார்கள்.

பெயர் வைத்ததில் ஒரு கூத்து நடந்தது. குட்டியை விற்றவர் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார். அதில் அதன் பெயர் பார்ஸ் என்று அச்சடித்திருந்தது. பனிச்சிறுத்தை என்று அர்த்தம். வீட்டில் மூத்த மகனின் பெயர் பார்ஸ்பெக். விஷயம் தெரிந்ததும் அவன் ரஷ்யாவிலிருந்து கூப்பிட்டு, என் பேரில் பாதியை நாய்க்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கத்தினான். பெயரை மாற்றினால் சான்றிதழ் செல்லாது என்று ஒர்மோன் சொல்லிவிட்டார். அவன் ஒரு மாதம் அப்பாவிடம் பேசவில்லை.

அவன் பேசாததால் யாருக்கும் நஷ்டமில்லை. சினாராவின் பாடுதான் திண்டாட்டமானது. கணவனின் அப்பா, அண்ணன், பெரியப்பா என்று மூத்த ஆண்கள் யாருடைய பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரின் சாயல் உள்ள சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது. பார்ஸ் என்று கூப்பிட்டால் மைத்துனரைக் கூப்பிட்டதாகிவிடும். நாய்க்குச் சோறு வைக்கிற வேலையோ அவளுடையது. பத்து நாள் "ஏய், ச்சூ" என்று சமாளித்துப் பார்த்தாள். பிறகு கழுத்து வெள்ளையைப் பார்த்து மொய்னோக் என்று தானாகவே ஒரு பெயர் வைத்தாள். வெள்ளைக் கழுத்து நாய்க்கு ஊரில் வைக்கிற சாதாரணப் பெயர்தான். மெல்லிய குரலில், கொட்டகைப் பக்கம் யாரும் இல்லாதபோது மட்டும் கூப்பிடுவாள். அது யார் காதிலும் விழவில்லை. மருமகள் என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்கிற பழக்கமும் அங்கே யாருக்கும் இல்லை.

கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் அவள் அழுவதற்கு அந்தக் கொட்டகைதான் இடம். என்ன குறை என்று கேட்காமல் பக்கத்தில் படுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அந்த நாய்தான். அதனால் அதன் மேல் அவளுக்கு உயிர்.

குட்டிக்கு ஒரு வயது முடிந்ததும் தலாய் என்பவன் வந்தான். தன்னை நாய்ப் பயிற்சியாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நீளத் துடைப்பத்தால் நாயை விலாவில் குத்துவான். நாய் பாய்ந்தால் பின்வாங்குவான். தைரியம் வருது பாருங்க என்பான். அக்கம்பக்கத்தார் பெஞ்சு போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். தொலியைத் துப்பித் துப்பி முற்றமே குப்பையானது. போகும்போது அவன் ஒர்மோனுக்கு ஓர் உபதேசம் செய்தான்.

"அண்ணே, உறுமுற நாய் திருடனுக்கு முன்கூட்டியே கடுதாசி போடுற நாய். அவன் உஷாராயிடுவான். சத்தமில்லாம புடிக்கணும். உறுமும்போதெல்லாம் பேரைச் சொல்லி மூக்குல ஒண்ணு வைங்க. தானா நின்னுரும்."

நின்றுவிட்டது. அந்த எட்டு மாதத்தின் பலன் செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

மின்கணக்குப் பார்க்க மாதாமாதம் வருகிற குல்சுன், ஐம்பது வயதுப் பெண். அந்தத் தெரு நாய்கள் எல்லாவற்றையும் அவற்றின் குரலால் தெரிந்து வைத்திருப்பவள். அந்த வீட்டு மீட்டர் கொட்டகைச் சுவரில் இருந்தது. முன்பெல்லாம் அவள் ஓரோர் அடியாக எடுத்து வைப்பாள். நாய் உறுமும் இடத்தில் நின்று, கழுத்தை நீட்டி எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவாள். கோடையில் காலொடிந்து கிடந்ததால் நான்கு மாதம் வேறு ஆள் வந்தார். அந்த ஆள் முற்றத்துக்கே வரமாட்டார், வாசலிலிருந்தே எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வார். அன்றைக்குத்தான் குல்சுன் மறுபடி வந்தாள். அடி எடுத்து வைத்தாள். சத்தம் இல்லை. இன்னும் ஓர் அடி. சத்தம் இல்லை. நாய் சாதுவாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மீட்டரைப் பார்க்கக் குனிந்தாள்.

வலது கையை முழங்கைக்குக் கீழே கவ்வியது. அலறல் கேட்டு ஓடி வந்த ஒர்மோன் "பார்ஸ், பார்ஸ்" என்று கத்திக்கொண்டே காம்பால் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் பல் இன்னும் ஆழமாக இறங்கியது. சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்த சினாரா என்னவோ ஒரு சொல் சொன்னாள். நாய் வாயைத் திறந்துவிட்டது. தன் அடிக்குப் பயந்துதான் விட்டது என்று ஒர்மோன் நம்பினார். குல்சுனின் கையில் பதினேழு தையல் போட்டார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பு. மறுநாள், மன்னிப்புக் கேட்கிற ஊர் வழக்கப்படி, ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு, தோளில் ஒரு புது அங்கியைப் போட்டுக்கொண்டு குல்சுன் வீட்டுக்குப் போனார். ஆட்டைக் கட்டி, அங்கியை அவளுடைய புருஷனுக்குப் போர்த்தி, நாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது, பிறவிக் கோளாறு, நானே சுட்டுவிடுகிறேன் என்றார். தன் கையால் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் மூச்சு விடவில்லை. குல்சுன் ஆட்டை வாங்கிக்கொண்டாள், மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. போலீசில் புகார் எழுதுவதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன் என்றாள். திரும்பி வந்த ஒர்மோன் பக்கத்து வீட்டு வேட்டைத் துப்பாக்கியை இரவல் கேட்டு வைத்தார்.

அன்று வண்டி ஓட்டப் போகாமல் வீட்டில் இருந்த புருஷனிடம் மத்தியானம் சினாரா கெஞ்சினாள். எர்மெக் நல்லவன்தான், முதுகெலும்புதான் இல்லை. அப்பா முடிவு பண்ணிட்டார், நான் என்ன பண்ண என்று சொல்லிவிட்டு வண்டிக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டான்.

நல்லவேளையாக, குல்சுனுக்குத் தையல் போட்ட மருத்துவமனையிலிருந்து தகவல் போய், கால்நடை மருத்துவர் ராகியா வந்து சேர்ந்தாள். சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ், வெடுக்கென்ற வாய். வந்ததும் துப்பாக்கியைத் தூர வைக்கச் சொன்னாள். கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும், வெறி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், அதைப் பொறுத்துத்தான் கடிபட்டவளுக்கு எத்தனை ஊசி என்று முடிவாகும், பத்து நாள் கழித்து உங்கள் நாய் உங்கள் பாடு என்றாள். பிறகு வாயைப் பார்க்க வேண்டும், நாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கூப்பிடுங்கள் என்றாள்.

ஒர்மோன் கூப்பிட்டார். "பார்ஸ்" என்ற சொல் விழுந்ததும் நாய் தரையோடு ஒட்டிக்கொண்டது. கண் சிவந்தது. சத்தமே இல்லாமல் ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. சங்கிலி இழுத்துக் கழுத்து ரணம் கிழிந்தது. எர்மெக் கூப்பிட்டான், அதே கதை. ஜூரா கூப்பிடவே மறுத்தாள். ராகியா சுற்றிப் பார்த்து, சட்டியோடு நின்ற சினாராவைக் கைகாட்டி, நீ கூப்பிடு என்றாள். சினாரா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்ன, ஊமையா?" என்றாள் ராகியா.

ஜூராதான் விளக்கினாள். மூத்த மைத்துனர் பெயர் அது, மருமகள் சொல்லக் கூடாது என்றாள்.  ராகியா குரலை இறக்கி, அப்படியானால் சோறு வைக்கும்போது நீ என்னவென்று கூப்பிடுவாய் என்று கேட்டாள். மாமனார் முன்னால் குரல் எழுப்பிப் பழக்கமில்லாத சினாரா, தரையைப் பார்த்துக்கொண்டே, "மொய்னோக்," என்றாள்.

நாய் எழுந்தது. உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொண்டது. வெட்டுப்பட்ட வாலின் அடிக்கட்டையை ஆட்டிக்கொண்டே வந்து அவள் காலடியில் தலையைச் சாய்த்தது. அவள் அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள்.  ஒர்மோன் காம்பைக் கையில் மாற்றிப் பிடித்தார்.

ராகியா வாயைப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே நாய்க்கு இந்த வீட்டுல ரெண்டு பேரு. ஒரு பேருல அடி விழுது, ஒரு பேருல சோறு வருது. பார்ஸ்னு நீங்க கூப்பிடுறது அதுக்குப் பேரே இல்ல பெரியவரே. அடி வருதுன்னு நீங்க குடுக்குற மணி. உறுமாத உறுமாதன்னு வேற அடிச்சிருக்கீங்க. நாய்க்குக் காது இருந்தா அதை மடக்கிச் சொல்லும், வால் இருந்தா அதை இறக்கிச் சொல்லும். ரெண்டையும் அறுத்துட்டீங்க. மிச்சம் இருந்தது தொண்டை. அதையும் அடைச்சா, அது எதைக் கொண்டு உங்ககிட்ட பேசும்? பல்லு ஒண்ணுதான் பாக்கி."

நாய்க்கெல்லாம் பேச்சு ஒரு கேடா என்று ஒர்மோன் முணுமுணுத்தார். ராகியா அவரிடம் வாதாடவில்லை. சினாராவைத் தனியாகக் கூப்பிட்டு, பத்து நாளும் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். ரணத்துக்கு மருந்து கொடுத்தாள். போகும்போது, உடம்பில் புதிதாக ஒரு காயம் பார்த்தாலும் பத்து நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன் என்று ஒர்மோனிடம் சொல்லிவிட்டுப் போனாள். சீக்கிரம் சுட்டு முடித்துவிட வேண்டும் என்று துடித்த மனுஷர், அந்த ஒரு காரணத்துக்காகக் காம்பைச் சுவரில் சாத்தினார்.

பத்தாம் நாள் சுடப்போகிற நாய்க்கு வைத்தியம் என்ன, வேடிக்கை என்ன என்று தெரு சிரித்தது. சினாரா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுவி, பினாயில் ஊற்றி, அந்த இடத்தைச் சுத்தம் செய்தாள். கழுத்துக்கு அகலத் தோல்பட்டை போட்டு, சங்கிலியை ஒரு நீளக் கம்பியில் கோத்தாள். நாய் கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்கலாம் என்று ஆனது. நடக்கத் தெரியாமல் முதல் நாள் அது ஆறடிக்கு மேல் போகவே இல்லை. ஆறடியில் வந்து நின்று, சங்கிலி இழுக்கும் என்று காத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

நான்காம் நாள், புல்லுக்கட்டு போட வந்த ஆள் முற்றத்தில் நுழைந்தபோது நாயின் தொண்டையில் என்னவோ கரகரத்தது. பாதியில் அதுவே பயந்து நிறுத்திவிட்டு, மூக்கைக் காலுக்கடியில் ஒளித்துக்கொண்டது. ராகியா சொல்லியிருந்தபடி சினாரா அந்த ஆளை இரண்டு அடி பின்னால் போகச் சொன்னாள். அவன் போனதும் ஒரு கொழுப்புத் துண்டைத் தூக்கிப் போட்டாள். ஆறாம் நாள் அது முழுசாக உறுமியது. சினாரா கைப்பேசியில் சொன்னபோது ராகியா, கல்யாணச் செய்தி கேட்டதுபோல் சந்தோஷப்பட்டாள். ஒன்பதாம் நாள் ஆவதற்குள், யாராவது வந்தால் நாய் ஓர் உறுமல் போடும். ஆள் நின்றுவிட்டால் அதுவும் நிறுத்திவிட்டுச் சினாராவைத் திரும்பிப் பார்க்கும். சொன்னால் கேட்கிறார்கள் என்று அது புரிந்துகொண்டிருந்தது. ஒர்மோனைக் கண்டால் மட்டும் இன்னும் கல்லாகக் கிடந்தது.

பத்தாம் நாள் காலையில் தலாய் தன் கூண்டு வண்டியோடு வந்து நின்றான். ஏன் அண்ணே சுடணும், ஆளைக் கடித்த நாய்க்குத்தான் சண்டைக் களத்தில் மவுசு, என்னிடம் கொடுங்கள், ஊரெல்லாம் உங்கள் நாய் பெயர் சொல்லும் என்றான். ஒர்மோனின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பெண்ணின் கையைப் பிய்த்ததுகூட ஒரு தகுதி என்று இரண்டு பேரும் நின்று பேசிச் சிரித்தார்கள். த்தூ என்று இருந்தது அந்தக் காட்சி. சினாரா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுடுவது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், களத்தில் நாள்கணக்காகக் குதறிச் சாகவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் ராகியா வந்தாள். கூடவே, கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டியபடி குல்சுனும் வந்தாள். நாய்க்கு வெறி இல்லை என்று ராகியா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குல்சுன் தன் முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் தலாய் காத்திருக்கவில்லை. சுருக்குக் கயிறு கட்டிய கம்பை எடுத்துக்கொண்டு, "பார்ஸ், வாடா," என்று கொட்டகைப் பக்கம் போனான்.

நாய் உறுமியது. ஆழமாக, நிறுத்தாமல், முற்றம் முழுக்கக் கேட்கும்படி உறுமியது. தலாய் நின்றுவிட்டான். என்ன அண்ணே, படித்ததெல்லாம் மறந்துவிட்டதே என்று ஒர்மோனைப் பார்த்துக் கேலி செய்தான். நாலு பேர் முன்னால் அவமானம். ஒர்மோன் சுவரில் சாத்தியிருந்த காம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

சினாரா குறுக்கே போய் நின்றாள். முகத்தை மாமனாருக்கும், முதுகை உறுமுகிற நாய்க்கும் காட்டிக்கொண்டு நின்றாள்.  வழிவிடவில்லை. ஒர்மோன் ஓங்கிய கையோடு நின்றார். மருமகளை இழுத்துத் தள்ளு என்று ஜூராவைப் பார்த்தார். ஜூரா நகரவில்லை.

"அடிக்காதீங்க," என்றது ஒரு குரல். குல்சுன்தான். "அது உறுமட்டும். நான் கேக்கணும்."

அவள் மெல்ல முன்னால் வந்தாள். முன்பெல்லாம் வருவது மாதிரியே, ஓரோர் அடியாக. நாயின் உறுமல் தலாயை விட்டு அவள் பக்கம் திரும்பி ஏறியது. அவள் நின்றாள். உறுமல் இறங்கியது. கொட்டகைச் சுவரிலிருந்த மீட்டர் அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. குல்சுனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கிட்ட வராதே, நில்லுன்னு இது சொல்லும், நான் நிப்பேன். அன்னிக்கும் சொல்லியிருந்தா நின்னிருப்பேன். பேச்ச புடுங்கினது யாருன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள். ஒர்மோன் பக்கம் திரும்பினாள். "நான் புகார் எழுதுனா நாய் மேல எழுத மாட்டேன் அண்ணே. உங்க மேலதான் எழுதுவேன். இந்த நாயைச் சுட்டாலும் எழுதுவேன், இந்த ஆள்கிட்ட குடுத்தாலும் எழுதுவேன். இந்தப் பொண்ணு கையில இருக்கட்டும். அந்தக் காம்பை மண்வெட்டியில மாட்டுங்க."

ராகியா தன் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். தலாய் கம்பிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, பொம்பளைங்க ராஜ்ஜியம் ஆகிவிட்டது என்று முனகியபடி வண்டியை எடுத்தான். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வேடிக்கை சப்பென்று போய்விட்ட வருத்தம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு ஒர்மோன் முற்றத்தில் தனியாக நின்றார். போலீஸ் பயம் பாதி, எட்டு மாதம் அடித்தும் அடங்காதது பத்து நாளில் எப்படி அடங்கியது என்ற குழப்பம் பாதி. காம்பைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு கொட்டகைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். நாய் அவரைப் பார்த்து, அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, முழுசாக உறுமியது. அவர் கை தானாக உயர்ந்தது. பிறகு இறங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல், கொட்டகைச் சுவரைப் பார்த்துக் கேட்பதுபோல் கேட்டார்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ரெண்டு அடி பின்னால போங்க மாமா," என்றாள் சினாரா.

அறுபத்தெட்டு வயதில், தன் வீட்டு முற்றத்தில், மருமகள் சொல்லி அவர் பின்னால் போனார். உறுமல் நின்றது. நாய் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. ஒர்மோன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவுதானா, இதுக்கா அவ்வளவு அடிச்சேன் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அது வாய்விட்டே வந்துவிட்டது.

சினாரா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உறுமுறது திமிர் இல்ல மாமா. உன்னைக் கடிக்க எனக்கு இஷ்டமில்ல, கொஞ்சம் விலகிக்கோன்னு கெஞ்சுறது. அதைக் கேட்டு விலகினா ஒண்ணும் ஆகாது. அடிச்சு வாயை மூட வெச்சா, கோபம் உள்ளயேதான் இருக்கும். நாயானாலும் சரி, மனுஷங்களானாலும் சரி, வாயத் திறந்து சொல்ல விடாத வீட்டுலதான் மாமா ஒருநாள் கடி விழும்."